இரவல் மூச்சு

ஜனவரி 9

உங்களுக்கு,

‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதிவிட்டு முதல் சொல்லை அடித்துவிட்டேன். அச்சகத்தில் நாள் முழுக்கப் பிழை திருத்துகிறவள், சொந்தக் கடிதத்தில் ஒரு பொய்யை விட்டுவைப்பேனா? ஆவல் மட்டும் நிற்கட்டும்.

போன் எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். பேசிப் பார்த்தாயிற்றே. நான் ‘டாக்டர்’ என்று வாய் திறப்பதற்குள் நீங்கள் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பட்டென்று வைக்க முடியாது பாருங்கள். வைத்தாலும் அது மேஜைமேல் கிடந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

காட்டிக்கொடுத்தவள் என்று என்னைச் சொன்னீர்கள். ஆமாம், சொன்னேன்தான். துறைமுக டாக்டரிடம் போய், “இவருக்குத் தூக்கத்துல மூச்சு நிக்குது டாக்டர். பகல்ல உட்கார்ந்த இடத்துலயே கண்ணு சொருகுது. இவரை கிரேன் மேல ஏத்தாதீங்க” என்று சொன்னது நான்தான். நீங்கள் மேலே கண்ணயர்ந்த அந்த ஒரு நொடியில் இறங்கிய இரும்புப் பெட்டிக்குக் கீழே நின்றது யார்? என் தம்பி. துள்ளி விலகினான், முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்ததோடு போயிற்று. எல்லாரிடமும் “கயிறு வழுக்கிடுச்சு” என்று மழுப்பிவிட்டான். மருந்து போட்டவள் நான். என்னிடம் மழுப்ப முடியுமா?

கல்யாணமான நாளிலிருந்து உங்கள் மூச்சுக்குக் காவல் நான். குறட்டை ஏறிக்கொண்டே போகும், சட்டென்று நிற்கும். நான் கால் கட்டைவிரலால் உங்கள் கணுக்காலில் ஒரு இடி இடிப்பேன். பெரிதாக ஒரு இழுப்பு, அப்புறம் மறுபடி ஓடும். காலையில் எழுந்து, “தூக்கத்துல உதைக்கிறியே, போன ஜென்மத்துல கழுதையா இருந்தியா?” என்பீர்கள். கழுதையாகவே இருந்துவிட்டுப் போகிறேன். இப்போது நீங்கள் இல்லாத கட்டிலில் என் கால் தானாகப் போய் வெறும் போர்வையை இடிக்கிறது. அங்கே உங்களை இடிக்க யார் இருக்கிறார்கள்?

சட்டை ஒன்று அனுப்பியிருக்கிறேன். முதுகில் பை தைத்து ரப்பர் பந்து வைத்திருக்கிறேன். மல்லாந்து படுத்தால் உறுத்தும், ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். டாக்டர் சொன்ன வைத்தியம், என் கண்டுபிடிப்பு இல்லை.

புரூஃப்காரி


ஜனவரி 17

கண்ணாடிக்காரிக்கு,

சட்டை வந்தது. அறையில் என்னோடு இருக்கும் எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, அண்ணி உங்களுக்குக் கூன் தச்சு அனுப்பியிருக்காங்க” என்று உருண்டு உருண்டு சிரித்தான். நெட்டையாய், ஒல்லியாய் இருப்பான். ஒற்றைக் காலில் நின்றுதான் பல் தேய்ப்பான். இங்கே எல்லாருக்கும் அவன் கொக்கு. நல்ல பையன். என் குறட்டையை மட்டும் தாங்க மாட்டான். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்குகிறான்.

பத்து மாடி உயரத்தில் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, கப்பல்களைத் தீப்பெட்டி மாதிரி பார்த்தவன் நான். கிரேனிலிருந்து இறக்கி, இந்த வெளியூர்த் துறைமுகத்துக்கு மாற்றி, ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். கையுறை எத்தனை, கயிறு எத்தனை, யார் எடுத்தார், யார் திருப்பினார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கிரேனின் கால்கள் மட்டும் தெரியும். தலை தெரியாது. வயிறு எரிகிறது. உன் தம்பி அடிபட்டும் வாய் திறக்கவில்லை. அடிபடாத நீ திறந்தாய்.

தூக்கப் பரிசோதனை முடிந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தலையெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்தார்கள். காலையில் டாக்டரம்மா, “ராத்திரி பூரா நீங்க தூங்கவே இல்ல சார், செத்துச் செத்துப் பிழைச்சிருக்கீங்க” என்றார். எனக்கு என்ன தெரியும்? நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மெஷின் கொடுத்துவிட்டார்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்கிற மாதிரி ஒரு மாஸ்க், அதிலிருந்து குழாய். காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும், தொண்டை அடைக்காதாம். போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன், தும்பிக்கை முளைத்த மாதிரி இருந்தது. தினமும் எவ்வளவு நேரம் போட்டேன், மூச்சு எத்தனை தடவை நின்றது என்று அதுவே உள்ளுக்குள் குறித்துவைத்துக்கொள்ளுமாம். மாதம் ஒருமுறை டாக்டரம்மா பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் நம் துறைமுகத்திலேயே மறுபடி மேலே ஏற்றிவிடுவார்கள். ஆக, என் பிழைப்பு இப்போது என் மூக்கு நுனியில் இருக்கிறது.

இங்கே என்னை யாரும் உதைப்பதில்லை. அது ஒரு குறைதான்.

ஸ்டோர்காரன்


பிப்ரவரி 2

உங்களுக்கு,

கோபத்தோடு எழுதினாலும் முழுசாக ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். சாப்பிடும்போது ஒருமுறை, பஸ்ஸில் ஒருமுறை, அச்சகத்தில் புரூஃப் காகிதத்துக்கு அடியில் வைத்து ஒருமுறை படித்தேன். போர்மேன் என்னைப் பார்த்து, “எந்தப் பக்கத்துலம்மா இவ்வளவு பிழை?” என்று கேட்டார்.

தும்பிக்கையோ துதிக்கையோ, போட்டுக்கொள்ளுங்கள். நம் டாக்டரை மறுபடி பார்த்தேன். மூச்சு நிற்கும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு பதறி எழுகிறதாம். மாத்திரை போட்டும் உங்கள் பிரஷர் இறங்காததற்கு அதுதான் காரணமாம். காலையில் எழும்போதே வருகிற தலைவலி, ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவது, எல்லாம் அதனால்தானாம். அப்படியே விட்டால் இதயம் தாளம் தப்பும், பக்கவாதம்கூட வரலாம் என்றார். சொல்லிவிட்டு, “பயப்படாதீங்கம்மா, மெஷின் போட்டா பெரும்பாலும் கட்டுக்குள்ள வந்துடும்” என்று என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார். அதை நான் அங்கேயே மறந்துவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

நமக்கு இருப்பது நாம் இரண்டு பேர்தான். அதில் ஒருவர் போனால் மற்றவர் யாரோடு சண்டை போடுவது?

பக்கத்து மேஜைக்காரியின் கணவர் வெளியூரில் வேலை. ‘தினமும் கனவில் வருகிறாய்’ என்று எழுதுகிறாராம். அவள் அதை வாசித்துக் காட்டி வெட்கப்படுகிறாள். உங்களிடம் நானும் ஒருமுறை கேட்டேன், “நான் என்னைக்காவது உங்க கனவுல வந்திருக்கேனா?” என்று. “எனக்குக் கனவே வராது, போய்ப் படு” என்றீர்கள். வாரம் முழுக்க உங்களோடு பேசவில்லை. எதற்கென்று நீங்கள் கேட்கவுமில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

புரூஃப்காரி


மார்ச் 3

கண்ணாடிக்காரிக்கு,

இனிப்பான சேதி. டாக்டரம்மா மெஷினைப் பார்த்துவிட்டு அசந்துபோனார். ஒரு நாள் விடாமல் போட்டிருக்கிறேனாம். மூச்சு நிற்கவே இல்லையாம். “இருபத்தஞ்சு வயசுப் பையன் மாதிரி மூச்சு விடுறீங்க சார்” என்றார். நம் துறைமுகத்துக்கு எழுதிவிட்டாராம். தேதி வந்துவிடும். நான் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

வந்ததும் முதலில் குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைச் சரிசெய்கிறேன். நீ எத்தனை நாளாய்ச் சொன்னாய். உன் கையால் ஒரு டம்ளர் காபி. இங்கே கான்டீன் காபியில் பாத்திரம் கழுவினால் பாத்திரம் கோபித்துக்கொள்ளும்.

கொக்கு புதுச் செருப்பு வாங்கினான், முதல் நாளே ஒன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. இன்னொன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று முழிக்கிறான். “உனக்கு ஒரு கால் போதுமேடா” என்றேன். காலையில் அவனைப் பார்க்கத்தான் சிரிப்பு, மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்த தடம், கழுத்தில் வார் அடையாளம்.

ஸ்டோரில் வேலை அதிகம். கணக்கில் இரண்டு கயிறு இடிக்கிறது. கொக்கு புதுச் செருப்பு வாங்கினான், ஒன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. அவனுக்கு ஒரு கால் போதுமே என்றேன்.

உன்னைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப

எங்கே விட்டேன் தெரியவில்லை. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. வருகிறேன்.

மேலே ஏறப்போகிறவன்


மார்ச் 10

உங்களுக்கு,

நீங்கள் வருகிறீர்கள் என்ற வரியைப் படித்ததும் எழுந்துபோய் ஜன்னல் திரையைக் கழற்றித் துவைக்கப் போட்டேன். பாதி துவைத்துக்கொண்டிருக்கும்போது ஏதோ உறுத்தியது. ஈரக் கையோடு வந்து மறுபடி படித்தேன்.

கொக்கின் செருப்பு ஒரே கடிதத்தில் இரண்டு முறை தண்ணீரில் விழுந்திருக்கிறது. ‘ரொம்ப’ என்ற சொல்லிலிருந்து பேனா காகிதத்தின் ஓரம் வரைக்கும் கோடாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. எழுதும்போதே தூங்கிவிட்டீர்கள். ராத்திரி முழுக்க இருபத்தைந்து வயசுப் பையனாக மூச்சு விட்டவர் பகலில் ஏன் இப்படிச் சாய்கிறார்?

அதைவிட ஒன்று. மாஸ்க் உங்களுடையது. தடம் ஏன் கொக்கின் மூக்கில் இருக்கிறது?

பிழை பார்க்கிறவளிடம் இதையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறீர்களே, உங்களை என்ன சொல்ல. முழித்திருக்கிற மனிதன் மறைக்க வேண்டியதை மறைத்திருப்பான். தூக்கக் கலக்கத்தில் இருப்பவனுக்குத்தான் எதை எழுதக்கூடாது என்றுகூடத் தெரியாது.

நான் நினைப்பது தப்பு என்று எழுதுங்கள். தப்பாக இருந்தால் உங்கள் காலில் விழுகிறேன்.

புரூஃப்காரி


மார்ச் 16

நீ நினைப்பது சரி. போதுமா?

முதலில் விளையாட்டுக்குத்தான் அவன் போட்டுப் பார்த்தான். அறையில் ஒரே புழுக்கம். “அண்ணே, ஏசி ரூம்ல படுத்த மாதிரி ஜிலுஜிலுன்னு இருக்கு” என்றான், அப்படியே தூங்கியும் போனான். மறுநாள் பார்த்தால் மெஷின் பச்சை விளக்குக் காட்டுகிறது. அதற்கு யார் மூக்கு என்று தெரியவா போகிறது? அவனுக்குக் காற்று, எனக்குக் கணக்கு. யாருக்கு நஷ்டம்?

நான் போட்டுப் பார்க்கவில்லை என்று நினைக்காதே. போட்டேன். பட்டையை இழுத்து மாட்டியதுமே கழற்றித் தூர வைத்துவிட்டேன். அப்பாவைக் கடைசியாகப் பார்த்தபோது அவர் முகத்தில் அந்த மாதிரி ஒரு மூடிதான் இருந்தது. மூடிக்குள் அவர் என்னவோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. ஆவி படிந்தது, மறைந்தது, படிந்தது, அப்புறம் படியவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரம்மாவிடம் சொல்லவா? சிரிக்கமாட்டார்களா?

தேதி வந்துவிட்டது. ஏப்ரல் முதல் திங்கள் நான் நம் கிரேனில் ஏறுகிறேன். வீட்டுக்கு வருகிறேன். அதைத்தானே நீயும் கேட்டாய்? இந்த ஒருமுறை மட்டும் வாயை மூடிக்கொண்டிரு. உன்னைக் கையெடுத்துக் கேட்கிறேன்.


மார்ச் 20

உங்களுக்கு,

வாருங்கள் என்றும் எழுத முடியவில்லை, வராதீர்கள் என்றும் எழுத முடியவில்லை. பேனாவை மூடி மூடித் திறக்கிறேன்.

நீங்கள் வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? சொல்கிறேன், கேளுங்கள். தெருவில் யாராவது தொண்டையைச் செருமினால் நான் கதவைத் திறக்கிறேன். உங்கள் துண்டைத் துவைக்கவே இல்லை. ஒரு ஆளுக்குச் சமைக்கக் கை வரவில்லை, தினமும் மிஞ்சுகிறது. அடுத்த வீட்டுப் பூனை கொழுத்துவிட்டது. ஒரே ஒரு பொய்யை நான் விழுங்கிக்கொண்டால் முதல் திங்கள் நீங்கள் இந்த வீட்டில் இருப்பீர்கள். விழுங்கிப் பார்த்தேன், இறங்கவில்லை.

தம்பி வந்திருந்தான். நீங்கள் வரும் சேதி அவனுக்கும் தெரிந்திருக்கிறது. “மாமா ஏறினா கீழ நான்தான் நிப்பேன்னு சொல்லிட்டேன்க்கா. வேற யார் சைகையும் அவருக்குப் புரியாது” என்றான். முகமெல்லாம் சிரிப்பு. அந்தக் காலில் தழும்பு இன்னும் வெளுக்கவில்லை. நான் காபி கலக்கிற சாக்கில் உள்ளே போய் அழுதேன்.

இந்த முறை நான் யாரிடமும் சொல்லமாட்டேன். பயந்து அல்ல. நான் சொன்னால் அவர்கள் உங்களை இறக்கிவிடுவார்கள், அவ்வளவுதான். உங்கள் மூச்சு நிற்பது நிற்காது. கொக்கு நன்றாக மூச்சு விட்டால் உங்களுக்கு எப்படி ஆயுசு ஏறும்? கடன் வாங்க எத்தனையோ இருக்கிறது. மூச்சை இரவல் வாங்கி எத்தனை நாள் ஓட்டுவீர்கள்?

அப்பாவைப் பற்றி இத்தனை வருஷம் என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டீர்களே. யாரும் சிரிக்கமாட்டார்கள். ஒன்று மட்டும் யோசியுங்கள். அந்த மூடி அவர் மூச்சை எடுக்கவில்லை. இருந்த மூச்சைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்தது, நீங்கள் வந்து சேரும்வரை.

நம் டாக்டரிடம் உங்கள் பெயர் சொல்லாமல் கேட்டேன். பயம் இருக்கிறவர்கள் பகலில், முழித்திருக்கும்போதே பழக வேண்டுமாம். முதலில் கையில் பிடித்து முகத்தில் வைத்துப் பார்ப்பது, பிறகு பட்டை, பிறகு காற்று. வேறு வேலையில் மனதை விட்டுக்கொண்டு போட வேண்டுமாம். நீங்கள் என் கடிதத்தைப் படிக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். அதற்காகவே நீளமாக எழுதுகிறேன்.

புரூஃப்காரி


ஏப்ரல் 14

என் கண்ணாடிக்காரிக்கு,

பதில் தாமதம். எழுத ஒன்றும் இல்லாததால் அல்ல.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்மேல் வந்த கோபத்தில் கிழிக்கப் போனேன். ‘நீங்கள் வந்து சேரும்வரை’ என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. அன்று அப்பா அந்த மூடிக்குள் என்ன சொன்னாரென்று தெரியாமலேதான் இத்தனை வருஷமும் இருந்தேன். ஒருவேளை “வந்துட்டியா”வாக இருக்கலாம் இல்லையா?

மறுநாள் கொக்கையும் இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். “மேடம், அந்த இருபத்தஞ்சு வயசுப் பையன் இவன்தான்” என்று முன்னே தள்ளினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், கொக்கை மேலும் கீழும் பார்த்தார். முதலில் சிரித்துவிட்டார். அப்புறம் விட்டார் பாரு ஒரு டோஸ், கொக்கு வெளியே வந்து தண்ணீர் குடித்தான். தேதி போயிற்று. எனக்குக் கண்டிப்புக் கடிதம். இனி ஆறு மாதம் ஒழுங்காகப் போட்டு, மறுபடி பரிசோதனை செய்து, அப்புறம்தான் யோசிப்பார்களாம். மேலே ஏறுவேனோ மாட்டேனோ, யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

அப்பா விஷயத்தையும் சொன்னேன். சிரிக்கவில்லை. “முன்னாடியே சொல்லியிருந்தா வேற மாஸ்க் கொடுத்திருப்பேனே” என்றார். இப்போது மூக்குக்கு மட்டும் வைக்கிற சின்னது. வாய் திறந்திருக்கிறது, பேசலாம்.

நீ சொன்ன மாதிரியே பகலில் போட்டு உன் கடிதத்தைப் படித்தேன். தீர்ந்ததும் பழையதை எடுத்தேன். இரவில் முதலில் எல்லாம் பிய்த்து எறிந்துவிடுவேன். காலையில் மெஷின் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கொக்கு எழுந்து வந்து, “அண்ணே, அண்ணி பாக்கிறாங்க” என்று மிரட்டி மாட்டிவிடுவான். பந்துச் சட்டையையும் போட்டுக்கொள்கிறேன், சிரித்தவர்கள் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.

போன வாரம் ஒரு காலை கண் விழித்தேன். தலை வலிக்கவில்லை. எனக்கு ஒரே சந்தேகம், தலை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். ஸ்டோரில் சாயங்காலம்வரை கண் சொருகவில்லை. காணாமல்போன இரண்டு கயிறும் கிடைத்துவிட்டன, நானே வேறு அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இப்போது முக்கியமான சேதி. நேற்று கனவு வந்தது.

எனக்கு! கிரேன் அறையில் என் நாற்காலியில் நீ உட்கார்ந்திருக்கிறாய். காதில் பென்சில். கடல் முழுக்கக் காகிதமாக விரிந்துகிடக்கிறது, நீ அதைத் திருத்திக்கொண்டிருக்கிறாய். நான் ஏணியில் ஏறி வருகிறேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல், “காலைத் துடைச்சிட்டு உள்ள வாங்க” என்கிறாய். அவ்வளவுதான் கனவு. எழுந்து உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். மாஸ்க்கைக் கழற்ற மனசு வரவில்லை.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். கனவு வருகிற அளவு ஆழமாகத் தூக்கம் இறங்குவதற்குள் மூச்சு நின்று அது கலைந்துவிடுமாம். வருஷக்கணக்கில் என்னை அந்தப் பக்கமே போக விடவில்லையாம். அன்று நீ கேட்டபோது நான் சொன்னது நிஜம்தான் புள்ள. வராமல் இருந்தது நீ இல்லை. கனவுதான்.

வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி ஏமாற்றிவிட்டேன். இனி ஆறு மாதம். உன்னைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப, ரொம்ப இருக்கிறது. இந்த முறை பேனா இழுக்கவில்லை, பார்.

உன் தும்பிக்கைக்காரன்


ஏப்ரல் 19

உங்களுக்கு,

நலம். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை பார்த்தேன். திருத்த ஒன்றுமில்லை. ‘ரொம்ப’ இரண்டு முறை வந்திருக்கிறது, அது பிழை இல்லை.

தம்பியிடம் தேதி போன கதையைச் சொன்னேன். காலிலிருந்த தழும்பைத் தடவினான். “மாமாவே போய்ச் சொன்னாரா?” என்று கேட்டுவிட்டு என் டிக்கெட்டுக்கு அவனே போய் வரிசையில் நின்றான்.

அச்சகத்தில் கணக்கில் கிடந்த லீவையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டேன். போர்மேன், “இவ்வளவு நாளா? யாருக்கும்மா உடம்பு சரியில்ல?” என்றார். “எல்லாருக்கும் சரியாத்தான் இருக்கு சார், அதான் போறேன்” என்றேன். வெள்ளிக்கிழமை காலை வருகிறேன். கொக்கை அன்று வேறு கிளையில் உட்காரச் சொல்லுங்கள். அவனுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கியிருக்கிறேன்.

கனவில் நான் என்ன நிறம் உடுத்தியிருந்தேன் என்று நீங்கள் எழுதவில்லை. எழுத வேண்டாம், நேரில் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் இன்னொரு முறை தூங்கிப் பார்த்துச் சொல்லுங்கள். நான் பக்கத்தில் படுத்திருப்பேன். என் காலுக்கு இனி வேலை இல்லை, ஆனாலும் பழக்கதோஷம், ஒரு தடவை இடித்துத்தான் பார்ப்பேன்.

வருகிறேன்.